கல்லடிச் சனத்துக்கு லண்டன் மாமி எழுதுவது

என்ட ஊர் உறவுகளுக்கு,

லண்டனில் இருந்து பென்சனோட வந்தவள் என்றால் பெட்டி நிறையப் பவுண் இருக்கும் என்று நினைக்கிற ஊர் இது. அந்த நினைப்பைக் கொஞ்சம் கலைச்சுப் போட்டுத்தான் நன்றி சொல்ல வேணும். இல்லாட்டி நீங்க எனக்குச் செய்தது என்ன என்றே விளங்காது.

பிரித்தானிய அரச ஓய்வூதியம் முழுசாய்க் கிடைக்க 35 வருசம் காப்புறுதிப் பணம் கட்டியிருக்க வேணும். எனக்கு அவ்வளவு இல்லை. நான் வந்த 2022 இல் முழுத் தொகையே வாரம் 185.15 பவுண்தான். 2025 இல் அது 230.25 ஆகிற்று, ஆனால் அங்க இருக்கிறவர்களுக்கு. பிலிப்பைன்சில் போய்க் குடியிருந்தாலும் வருசா வருசம் கூடும். இலங்கைக்கு வந்தால் வந்த நேரத்துத் தொகையிலேயே நிற்கும். வருமானம் குறைஞ்ச முதியவர்களுக்கு அங்க குடுக்கிற மேலதிகக் காசும் கடல் தாண்டாது. பவுண் ஏறினால் இறால், இறங்கினால் பருப்பு. இவ்வளவுதான் என்ட வெளிநாட்டுக் காசு.

வாடகை இல்லாததால்தான் இது காணும். அம்மா சீதனமாய் எழுதித் தந்த வீட்டை, நான் அங்க இருந்த காலமெல்லாம் கூட்டித் துடைச்சு, சோலைவரியும் கட்டி வைச்சிருந்தவள் என்ட தங்கச்சி. நான் வந்ததும் ஒரு கணக்கும் காட்டாமல் திறப்பைக் கையில் தந்தாள். அவளுக்குச் சபையில் நன்றி சொன்னால் கோவிப்பாள். சொல்லிப்போட்டன்.

வந்த நேரமும் நல்ல நேரம்! காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, அந்த செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. எனக்காக வெறும் சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் விடிய விடிய வரிசையில் நின்றது கட்டார் தம்பி. இதை நான் அழுத்திச் சொல்ல வேணும். அவர் எத்தனையோ வருசம் கட்டார் நாட்டு வெயிலில் உழைச்சவர். ஆனால் மாதாமாதம் வாற ஓய்வூதியம் அவருக்கு ஒரு சதமும் இல்லை. கடைசியாய்க் கிடைச்ச பணிக்கொடை வீட்டுக் கூரையோட முடிஞ்சது. லண்டன்காரி, கனடாக்காரி என்று எங்களைத்தான் ஊர் பெரிசாய்ப் பார்க்குது. மத்திய கிழக்கில் இருந்து வெறுங்கையோட வந்த சனத்தை ஆரும் விசாரிக்கிறதில்லை. எனக்கு இதில் கோபம்தான்.

விடியக்காலையில், சுனாமியில் கோபுரம் சாய்ந்த திருச்செந்தூர் முருகன் கோயில் பக்கமாய்க் கடற்கரையில் நடக்கிற, வெளிநாட்டில் இருந்து திரும்பி வந்த எங்கட கூட்டத்துக்கும் நன்றி. 55 வயது தாண்டியவர் என்ற பிரிவில் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று சொன்னதும், பத்திரங்களை ஒழுங்காய் அடுக்கித் தந்ததும், குடிவரவுத் திணைக்களம் இருக்கிற பத்தரமுல்லைக்குப் போக உதயதேவி ரயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்து வந்ததும் கனடா அக்கா. சுவிஸ் அண்ணனுக்கு எங்கள் எல்லாரையும் விட நல்ல பென்சன். வடைக்காசு அவருடையது, அதுதான் நியாயம்.

இனித் தபால்காரத் தம்பி. நாங்க உயிரோட இருக்கிறமா என்று கேட்டு பிரித்தானியாவில் இருந்து ஒரு படிவம் வரும். சாட்சி ஒருவர் கையெழுத்து வைச்சுத் திருப்பி அனுப்பாட்டிப் பென்சன் நின்றுபோகும். மார்கழி மழையில் எங்கட ஒழுங்கை முழங்கால் அளவு வெள்ளம். சைக்கிளைச் சந்தியில் சாத்திப்போட்டு நடந்து வந்தார். கடிதத்தைச் சொப்பிங் பேக்கில் சுற்றிச் சட்டைக்குள்ள வைச்சிருந்தார். ஆள் நனைஞ்சு ஊறிப்போய் நிற்கிறார், உறையில் ஒரு துளி ஈரம் இல்லை. "மாமி, இது லண்டன் அரசாங்கக் கடிதம், பிந்தக்கூடாது எண்டு தெரியும்" என்றார். துவாய் எடுக்க உள்ளே போய் வாறதுக்குள்ள ஆள் போயிற்றார்.

அதில் கையெழுத்து வைச்சது எங்கட பழைய அதிபர் ஐயா. "புள்ள, நீ உயிரோட இருக்கிறாய் எண்டு சும்மா எப்படி எழுதுறது? முதல்ல ஒரு தேத்தண்ணி ஊத்து, குடிச்சுப் பார்த்துப்போட்டுச் சொல்றன்" என்று சொல்லித்தான் முத்திரையைக் குத்தினார்.

அடுத்த வீட்டு மகள் இல்லாட்டி என்ட பென்சன் பத்தாம் திகதிக்கு முதலே முடிஞ்சிரும். மீன் என்றாலும் மேசன் என்றாலும் ஆட்டோ என்றாலும் எங்களுக்கென்று ஒரு லண்டன் விலை இருக்கு. "மாமி, நீங்க வாயே திறக்கப்படாது. 'பிளீஸ்' எண்டு ஒரு சொல் வந்தாப் போதும், விலை ஏறிரும்" என்று என்னைப் பின்னுக்கு நிற்பாட்டிப்போட்டு அவள் பேசுவாள். ஓடு மாத்தின நேரம் வீட்டுக்காரியாய் நடிச்சதும் அவள்தான். நான் தேத்தண்ணி குடுக்கிற பெரியம்மாவாய் இருந்தன்.

கிளினிக் நாளில் எனக்கும் சேர்த்து இடம் பிடிக்கிற ஆரையம்பதி அக்காவுக்கும், ஒரே மருந்தில் விலை குறைஞ்சதைக் காட்டித் தந்த மருந்துக்கடைப் பிள்ளைக்கும் நன்றி.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு மத்தியானம் எல்லாரும் எங்கட வீட்டுக்குச் சாப்பிட வாங்க. இறால் கறியும் சட்டித் தயிரும் இருக்கும். பிஸ்கட் பெட்டியோட ஆரும் வரப்படாது. கட்டார் தம்பி அடுப்படிப் பக்கம் எட்டியும் பார்க்கப்படாது. அடுத்த வீட்டு மகள் மட்டும் காலையிலேயே வரட்டும், இறாலுக்கு விலை பேச ஆள் வேணும்.

அன்போட,
உங்கட லண்டன் மாமி
கல்லடி, மட்டக்களப்பு