வில்லுக்கு எந்த எண்ணெய்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விடுமுறைக் கைவேலைப் பகுதியில் மர வில் செய்யும் முறை வந்திருந்தது. மரம் பார்த்து எடுப்பது, செதுக்குவது, வில்லின் இரண்டு கையும் (பிடிக்கு மேலும் கீழும் உள்ள பாகங்கள்) ஒன்றுபோல வளைகிறதா என்று சோதிப்பது எல்லாம் தெளிவாகவே இருந்தன. கடைசி வரிதான் இடிக்கிறது: வீட்டில் இருக்கிற ஏதாவது எண்ணெயைத் தடவி வெயிலில் வைத்தால் வில் தயார் என்று முடித்துவிட்டீர்கள். கடலூர், புதுச்சேரிக் காற்றில் அப்படிச் செய்த வில் ஐப்பசி அடைமழைக்குள் பிசுபிசுத்து, புழுதி அப்பி, கறுப்புப் புள்ளியாகப் பூசணம் பிடித்து நிற்கும்.

எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வது மாதிரி அல்ல. எதுவும் ஆவியாகிப் போவதில்லை. சில எண்ணெய்கள் மட்டும் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து, தமக்குள்ளேயே பின்னிக்கொண்டு கெட்டிப்படும். சூரியகாந்தி எண்ணெய் டப்பாவின் கழுத்தில் நாளாவட்டத்தில் பிசின் போல ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அரைகுறையாகக் காய்ந்த எண்ணெய். முழுதாகக் காயும் எண்ணெய் எது என்பதற்கு அயோடின் எண் என்று ஓர் அளவு உண்டு. எண் கூடக் கூட எண்ணெய் நன்றாகக் காயும். ஆளி விதை எண்ணெய்க்கு அது 170-க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 104 முதல் 120 வரை, கடலை எண்ணெய்க்கு 100-ஐ ஒட்டி, விளக்கெண்ணெய்க்கு 85 அளவில். தேங்காய் எண்ணெய்க்கோ 10-ஐத் தாண்டுவதே அபூர்வம். தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் எத்தனை வருஷம் கிடந்தாலும் எண்ணெயாகவே கிடக்கும். வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் பூச்சிக்கு நல்லவை, பூச்சுக்கு ஆகாதவை. கரையோரத்தில் தாராளமாகக் கிடைக்கும் புன்னை எண்ணெயும் கெட்டியான படலமாகக் காயாது.

பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். படகுக்குத் தடவுகிறார்களே, வில்லுக்கு ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. அது காயும், கறையானும் அண்டாது. ஆனால் பச்சையாகத் தோலில் பட்டால் வெந்து கொப்புளம் போடும். முழுதாகக் காயாத பூச்சைக் கையால் இறுக்கிப் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். படகின் அடிப்பலகை யார் உள்ளங்கையிலும் உட்காருவதில்லை.

ஆகவே ஆளி விதை எண்ணெய்தான். பெயின்ட் கடையில் லின்சீட் ஆயில் என்று கேட்டால் இரண்டில் ஒன்றைத் தருவார்கள். காய்ச்சாத பச்சை எண்ணெய் ஒரு பூச்சு காய நம் ஊரில் நாள்கணக்கில் ஆகும், மழைக்காலத்தில் வாரக்கணக்கில். டபுள் பாயில்ட் என்று எழுதியிருப்பதில் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உப்புகள் சேர்த்திருப்பதால் நல்ல காற்றோட்டத்தில் ஒரு நாளில் காயும். பெரியவர்கள் எய்யும் வில்லுக்கு இதுவே போதும். வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைகளின் விளையாட்டு வில்லுக்கு இது வேண்டாம். சாப்பிட விற்கும் ஆளி விதை எண்ணெயை வாங்கி, பொறுமையாகக் காயவிடுங்கள். டங் என்ற மரத்தின் கொட்டையில் எடுக்கும் டங் எண்ணெய் இதைவிடத் தண்ணீர் தாங்கும், உண்மைதான். அந்தப் பெயரில் விற்பதெல்லாம் டங் எண்ணெய் அல்ல என்பதும் உண்மை. எதை வாங்கினாலும் கண்ணாடித் துண்டில் இரண்டு சொட்டு விட்டு, விரலால் மெல்லத் தேய்த்து நிழலில் வையுங்கள். பாயில்ட் எண்ணெய் இரண்டு நாள் கழித்தும் விரலில் வழவழவென்று ஒட்டினால் அதில் காயாத எண்ணெய் கலந்திருக்கக்கூடும். அந்தச் சோதனை கண்ணாடியில் நடக்கட்டும், வில்லில் வேண்டாம்.

எண்ணெயைத் திறப்பதற்கு முன் மரம் காய்ந்திருக்க வேண்டும். வில்லுக்கு 8 முதல் 10 சதவீத ஈரம் நல்லது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருந்தால் மரம் 11, 12 சதவீதத்தில் நிற்கும். 80 ஆனால் 15-ஐ எட்டும். அந்த ஈரத்தில் நாண் ஏற்றிய வில் கழற்றிய பிறகும் வளைந்தே கிடக்கும். நமக்கு வாய்ப்பான காலம் ஆனி, ஆடி மேல்காற்று. கார்த்திகையில் வேலையை முடித்தே ஆகவேண்டும் என்றால் வில்லைச் சமையலறைப் பரணில் பத்து நாள் போட்டுவையுங்கள். ஒரு கிராம் வரை காட்டும் தராசில் தினமும் நிறுத்துப் பாருங்கள். நான்கு நாள் எடை மாறாமல் நின்றால் மரம் அந்த இடத்துக்கு ஏற்பக் காய்ந்துவிட்டது.

வளைவு வேலை முழுதும் முடிந்து, ஐம்பது நூறு அம்பாவது எய்து பார்த்த பிறகே பூச்சு. பிடியில் தோல் ஒட்டுவது, குதையில் (நாண் மாட்டும் நுனி வெட்டு) கொம்புத் துண்டு ஒட்டுவது எல்லாம் எண்ணெய்க்கு முன்பே முடிய வேண்டும். எண்ணெய் குடித்த மரத்தில் பசை பிடிக்காது. பிறகு 120, 180, 240 நம்பர் உப்புத்தாளை இந்த வரிசையில், நீளவாக்கில் மட்டும் தேயுங்கள். குறுக்கே விழுந்த கீறல் முதுகுப் பக்கத்தில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறத்தில், விரிசலுக்கு வழி விடும். ஈரத்துணியால் ஒரு முறை துடைத்து இரவு முழுதும் விட்டால் படுத்திருந்த நார் எழுந்து சொரசொரக்கும். காலையில் 240-ஆல் லேசாக எடுத்துவிடலாம். 600 நம்பர் வரை போய் மழமழவென்று ஆக்கினால் எண்ணெய் உள்ளே இறங்காது. மூங்கில் வில்லானால் முதுகின் பளபளத் தோலை மழுங்கிய கத்தியால் மெல்ல வழித்தெடுங்கள், அதன் அடியிலுள்ள நாரைத் தொடாமல். அந்தத் தோல் எதையும் குடிக்காது.

முதல் பூச்சுக்கு எண்ணெயும் டர்பன்டைனும் சரிபாதி. ஐந்தரை அடி வில்லுக்கு இரண்டும் சேர்ந்து 20 மில்லி போதும். பனியன் துணியில் தொட்டுத் தேய்த்து, 20 நிமிடம் ஊறவிட்டு, வேறு துணியால் ஒட்ட ஒட்டத் துடையுங்கள். குதை வெட்டின இரண்டு நுனியிலும் நாரின் வாய் திறந்திருக்கும். அங்கே குடிக்கக் குடிக்க இரண்டு மூன்று முறை வையுங்கள். ஈரம் முதலில் நுழைவது அந்த வழியாகத்தான். அடுத்த பூச்சுகளுக்கு எண்ணெய் தனியாக, ஒவ்வொன்றுக்கும் 5 மில்லிதான், இடையில் குறைந்தது ஒரு நாள். நான்கு பூச்சு தாராளம். கண்ணுக்குப் பளபளப்பு வரவேண்டும் என்று துடைக்காமல் விடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. மேலே தேங்கிய எண்ணெய் தோல் போலக் காய்ந்து, அடியில் காற்று போகாமல் பல நாள் ஈரமாகவே கிடக்கும். வில் வளையும்போது அந்தத் தோல் சுருங்கும்.

பிசுபிசுத்துப் போனால் உப்புத்தாளை எடுக்காதீர்கள், அடைத்துக்கொள்ளும். டர்பன்டைன் தோய்த்த சொரசொரத் துணியால் துடைத்தெடுத்து இரண்டு நாள் விடுங்கள். சடச்சி போன்ற மரத்தில் முதல் சில மணி நேரம் துளைகளிலிருந்து எண்ணெய் முத்து முத்தாகத் திரும்பி வருவதுண்டு. மணிக்கொரு முறை துடைத்தால் அடங்கிவிடும். மதிய வெயிலில் வைத்தால் இது கூடும். நிழலும் காற்றும்தான் வேண்டும்.

இத்தனையும் செய்தாலும் எண்ணெய் மட்டும் காற்றின் ஈரத்தை அவ்வளவாகத் தடுக்காது. மேலே விழுந்த தூறலைத் தள்ளும், மரத்துக்கு அழகு தரும், வளைவில் வெடிக்காது. அதன் பலன் அவ்வளவே. கடற்கரை ஊரில் ஈரத்தைத் தடுக்க அரக்குதான் உதவும். மெழுகு நீக்கிய அரக்குச் செதில் 12 கிராமை 100 மில்லி பாலிஷ் ஸ்பிரிட்டில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டுங்கள். கடைசி எண்ணெய்ப் பூச்சு முடிந்து ஒரு வாரம், பத்து நாள் கழித்து, மூன்று நான்கு முறை மெல்லியதாக இழுக்கவும். மழை நாளில் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். தடியாகவும் அடிக்க வேண்டாம். நுனிகளில் பூச்சின் எடை ஏறினால் அம்பின் வேகம் குறையும். மேலே தேன்மெழுகு கொஞ்சம் தேய்க்கலாம். நாணுக்கு அதே மெழுகுதான், எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றை உங்கள் கட்டுரை தொடவே இல்லை. ஆளி விதை எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். வில்லில் அது காற்றோடு போய்விடும். துடைத்த துணியைக் கசக்கிக் கூடையில் போட்டாலோ, பழைய பேப்பரோடு மூட்டையில் திணித்தாலோ சூடு வெளியேற வழியின்றி ஏறிக்கொண்டே போய், தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். பட்டறைகளில் நடக்கிற விஷயம்தான். துணியை விரித்துக் கொடியில் ஒற்றையாகக் காயப் போட்டு, விறைத்த பிறகு எறியலாம். அல்லது தண்ணீர் நிரம்பிய தகர டப்பாவில் முக்கி மூடி வைக்கலாம். விடுமுறையில் இதைச் செய்யப்போகிறவர்கள் பள்ளிப் பிள்ளைகள். அடுத்த ஞாயிறு அதே பகுதியில், எண்ணெயின் பெயரோடு இந்தத் துணி விஷயத்தையும் பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மரவேலை செய்வோர் இருவர்,
கடலூர் முதுநகர்.