குறை சொல்லாத உயிர்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மழை, முழங்கால் வலி, மாடி வீட்டுக்காரரோடு தண்ணீர்த் தகராறு என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, மூன்றாம் பக்கத்தின் நடுவில் மணி போய்விட்டான் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். சின்ன வயதிலிருந்தே நீ இப்படித்தான், பெரிய விஷயத்தைச் சின்ன விஷயங்களுக்கு நடுவே ஒளித்து வைத்துத்தான் சொல்வாய். என் பதில் தாமதமானதற்குக் கண்தான் காரணம். இடது கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள். பேத்திதான் உன் கடிதத்தை வாசித்துக் காட்டினாள். மணியைப் பற்றிய இடம் வந்ததும், "தாத்தா, இதை நீங்களே பிறகு படித்துக்கொள்ளுங்கள்" என்று மடித்து வைத்துவிட்டாள். இப்போதுதான் என் கண்ணாலேயே படித்து முடித்தேன்.

"ஒரு நாய்க்காகவா இப்படி இடிந்துபோய் உட்கார்ந்திருக்கிறாய்?" என்று கேட்ட உன் மைத்துனரை விட்டுவிடு. அவருக்குப் புரியவைக்க உனக்கும் எனக்கும் வயது போதாது. நீ கேட்டிருக்கும் கேள்வி அதைவிடக் கனமானது. வேதனையை முடித்துவைக்கும் கடைசி ஊசியைப் போடச் சம்மதித்ததால் அவனைக் காட்டிக்கொடுத்துவிட்டேனா என்று கேட்கிறாய். கடைசிவரை கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான் என்றும் எழுதியிருக்கிறாய்.

முதலில் அந்தக் கண்ணைப் பற்றி. என் நாய் செவலையைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம், உன் பெயரைச் சொல்லாமல், இதைக் கேட்டேன். அந்த மருந்து மயக்க மருந்து வகையைச் சேர்ந்ததுதான், அளவைக் கூட்டிச் செலுத்துகிறார்கள் என்றார். முதலில் நினைவு போய்விடும், மூச்சும் இதயத்துடிப்பும் அதற்குப் பிறகே நிற்கும். இமையை மூடத் தசை வேலை செய்ய வேண்டும். அது ஓய்ந்துவிடுவதால் பெரும்பாலும் கண் திறந்தபடியே இருந்துவிடுமாம். பார்க்கிறவர்கள் கலங்கிப்போவார்கள் என்பதால் பல மருத்துவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்களாம். உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீ வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாயே, அந்தக் கண்ணுக்குப் பின்னால் மணி அப்போது இல்லை. அதற்கு முன், உன் கை அவன் கழுத்தடியைச் சொறிந்துகொண்டிருந்தபோது இருந்தான்.

நாய் முகத்தில் நம் மனத்தைப் படிப்பதில் நாம் எல்லோருமே அவசரக்காரர்கள். அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2009இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். தின்பண்டத்தைத் தொடாதே என்று நாயிடம் சொல்லிவிட்டு வளர்ப்பவர் வெளியே போய்விட வேண்டும். திரும்பி வரும்போது நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள், சில சமயம் பொய்யாக. தின்றுவிட்டது என்று கேட்டவர் நாயைத் திட்டுவார். காதைத் தாழ்த்திக்கொண்டு, பார்வையை வேறுபக்கம் திருப்பி, வாலை இடுக்கிக்கொள்ளும் அந்தக் குற்றவாளி முகம் இருக்கிறதே, அது திட்டு வாங்கிய நாய்களிடம்தான் அதிகம் தெரிந்தது. உண்மையில் தின்றதா இல்லையா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இன்னும் வேடிக்கை, தின்னாமலேயே திட்டு வாங்கியவற்றிடம்தான் அது கூடுதலாகத் தெரிந்ததாம். நம் கோபத்துக்கு அது ஒடுங்குகிறது, நாம் அதைக் குற்ற உணர்ச்சி என்று வாசிக்கிறோம். மணியின் கடைசிப் பார்வையில் நீ வாசித்ததும் உன் கையெழுத்துதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த நாலடியார் பாட்டு நினைவிருக்கிறதா? யானையைப் போன்றவர்களின் நட்பை விட்டு நாயைப் போன்றவர்களின் நட்பைக் கொள் என்று தொடங்கும். நெடுநாள் பழகியும் யானை பாகனையே கொன்றுவிடும், நாயோ எறிந்த வேல் உடம்பில் தைத்திருக்கும்போதும் வாலைக் குழைக்கும். நம் தமிழய்யா அதை நாயின் பெருமையாகத்தான் நடத்தினார். இத்தனை ஆண்டுகள் கழித்து எனக்கு அது வேல் எறிந்தவனைப் பற்றிய பாட்டாகத் தெரிகிறது.

யோசித்துப் பார். மனிதர்களிடம் நாம் நியாயமாக நடந்துகொள்வதில் பாதி, பயம். கேள்வி கேட்பார்கள், முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், நாலு பேரிடம் சொல்வார்கள். நாயிடம் அந்தக் கட்டாயமே கிடையாது. தண்ணீர் வைக்க மறந்திருந்தாலும், பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தாலும், நம் செருப்புச் சத்தம் கேட்டதும் வால் ஆடிவிடும். நமக்கு எதிராகக் கணக்கு வைத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. அப்படியென்றால் அந்தக் கணக்கையும் நாம்தான் எழுத வேண்டும், நமக்கு எதிராக, நேர்மையாக. நாயோடு உள்ள உறவில் ஆன்மிகம் என்று ஏதாவது இருக்குமானால் எனக்கு அது இந்த இடத்தில்தான் தட்டுப்படுகிறது. அதன் கண்ணில் கடவுளைக் காண்கிறவர்கள் காணட்டும். எனக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் யாராவது ஜப்பானின் ஹச்சிகோ கதையைக் கொண்டுவந்திருப்பார்கள். 1925இல் தன்னை வளர்த்த பேராசிரியர் உவேனோ இறந்தபிறகு 1935 வரை ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய்ப் போய்க் காத்திருந்த நாய். உயிரோடு இருக்கும்போதே, 1934இல், அதற்குச் சிலையும் வைத்துவிட்டார்கள். விசுவாசத்தைப் புகழ்வதில் நமக்கு ஒரு செலவும் இல்லை பார். எனக்கு அந்தக் கதையில் உறைப்பது வேறு. அவர்கள் இருவரும் சேர்ந்து வாழ்ந்தது ஒன்றரை ஆண்டுகூட இல்லை. அந்தக் குறுகிய காலத்தில் அந்த மனிதர் அதனிடம் எப்படி நடந்துகொண்டிருப்பார் என்றுதான் நான் யோசிப்பேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். மணியின் சிறுநீரகம் கெட்டுப்போனதிலிருந்து நீ செய்தது எனக்குத் தெரியும். தோலைச் சற்றே தூக்கிப் பிடித்து அடியில் ஊசியைச் செருகி சலைன் ஏற்றுவதற்குக் கற்றுக்கொண்டாய். பையன்களுக்குத் தடுப்பூசி போடும்போது வெளியே ஓடிப்போன ஆள் நீ! வலிக்கிறது, போதும் என்று அவனால் சொல்ல முடியாது. சொல்லவில்லையே என்பதைச் சாக்காக வைத்து நீ இன்னும் சில வாரங்கள் இழுத்திருக்கலாம். யாரும் உன்னைக் கேட்டிருக்க மாட்டார்கள், அவனும் வாலை ஆட்டியிருப்பான். அந்த நாட்கள் உனக்கு வேண்டியவை, அவனுக்கு வேண்டியவை அல்ல. அதைப் பிரித்துப் பார்த்து முடிவெடுத்திருக்கிறாய். காட்டிக்கொடுப்பவன் தன் பக்கத்து லாபத்தைப் பார்ப்பான். இதில் உனக்கு என்ன லாபம், சொல்.

பேத்தி படித்துச் சொன்ன ஒரு செய்தி உனக்குப் பிடிக்கும். ஜெர்மனியில் பான் நகரை ஒட்டிய ஓபர்காசெல் என்ற இடத்தில் 1914இல் கல் உடைத்தவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய்க்குட்டி. ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தையது. அந்தக் குட்டியின் பற்களை மீண்டும் ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். ஐந்து மாதத்துக்குச் சற்று முன்பே அதற்கு டிஸ்டெம்பர் நோய் கண்டிருக்க வேண்டும், விட்டுவிட்டு வந்திருக்கிறது, ஏழு மாதத்தை எட்டுவதற்குள் இறந்துவிட்டது என்கிறார்கள். நாம் இன்றைக்குக் குட்டிகளுக்குத் தடுப்பூசி போடுகிறோமே, அதே நோய்தான். அருகிலிருந்து யாராவது சுத்தம் செய்து, ஊட்டி, கதகதப்பாக வைத்திருக்காவிட்டால் அத்தனை வாரங்கள் தாக்குப்பிடித்திருக்காது. வேட்டைக்கும் ஆகாது, காவலுக்கும் ஆகாது. அந்தக் குட்டியால் அவர்களுக்கு ஒரு பயனும் கிடையாது. நாயை மனிதன் காரியத்துக்காகத்தான் சேர்த்துக்கொண்டான் என்று சாதிக்கிறவர்கள் இந்தக் குழியைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

நாய்க்கு ஆன்மா உண்டா என்றும் கேட்டிருக்கிறாய். எனக்கு இருக்கிறதா என்பதே சில காலைகளில் சந்தேகமாக இருக்கிறது. மகாபாரதத்தின் முடிவில் தருமன் நாயை விட்டுவிட்டு இந்திரனின் தேரில் ஏற மறுக்கிறான் அல்லவா? இந்திரன் வாதாடுகிறான், தருமன் வாதாடுகிறான், நாய் மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. அதற்காக வழக்காடும் பொறுப்பு முழுவதும் தருமன் தலையில். கடைசியில் அது தருமதேவதையாக மாறுவது எனக்கு என்றுமே பிடித்ததில்லை, பரிசுச் சீட்டு விழுந்தது மாதிரி இருக்கிறது. அவன் முடிவெடுத்த நேரத்தில் அது வழியில் ஒட்டிக்கொண்டு வந்த நாய், அவ்வளவுதான். ஆன்மா உண்டா என்று அவன் அதனிடம் சோதித்துப் பார்க்கவில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு, உறவின் சுகத்தைப் பற்றி எழுதாவிட்டால் நீ என்னைச் சாமியார் என்பாய். அறுவை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கண்ணில் பிளாஸ்டிக் மூடி, உடம்பெல்லாம் மருத்துவமனை நெடி. செவலை வாசலில் நின்றுவிட்டாள். ஒரு காலைத் தூக்கியபடி, மூக்கை மட்டும் நீட்டி, காற்றைத் துண்டு துண்டாக இழுத்தாள். மூடியின் பக்கம் வந்து தும்மினாள். பிறகு என் வலது உள்ளங்கையை மோந்தாள், விரலிடுக்கு ஒவ்வொன்றாக, பத்திரம் படிக்கும் வக்கீலைப் போல. மணிக்கட்டுக்கு வந்ததும் முதுகு தளர்ந்தது, முழு எடையையும் என் கால் மேல் சாய்த்துவிட்டாள். என் பெயரோ, பார்த்த வேலையோ, ஓய்வு பெற்றபின் சுருங்கிப்போன மதிப்போ அவளுக்குத் தெரியாது. இவை எதுவும் இல்லாமல் நான் யாரோ, அவரைத்தான் அவளுக்குத் தெரியும். கிரெகரி பெர்ன்ஸ் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளர் நாய்களைக் கட்டிப்போடாமல், மயக்க மருந்தும் தராமல், ஸ்கேன் கருவிக்குள் அசையாமல் படுக்கப் பழக்கியவர். பழகிய மனிதர், பழகாத மனிதர், வேறு நாய்கள் என்று பல வாசனைகளை முகரவிட்டுப் பார்த்திருக்கிறார். நல்லது வரப்போகிறது என்னும்போது மூளையில் விழித்துக்கொள்ளும் ஒரு பகுதி, பழகிய மனிதரின் வாசனைக்கே அதிகம் அசைந்ததாம். அந்த மனிதர் அப்போது பக்கத்தில்கூட இல்லை. மணியின் மூளையில் அப்படி ஓர் இடத்தில் நீ பதினோரு ஆண்டுகள் குடியிருந்திருக்கிறாய்.

இன்னொரு நாய் வளர்ப்பதா என்பதற்கு என் யோசனை, இப்போதைக்குக் குட்டி வேண்டாம். பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வாழும் உயிர். நம் வயதை அதோடு கூட்டிப் பார்க்க வேண்டும். செவலையை எனக்குப் பிறகு யார் வைத்துக்கொள்வது என்று பேத்தியிடம் பேசி முடித்துவிட்டேன், அவள் கொஞ்சம் அழுதாள், பிறகு சரி என்றாள். மனம் தேறியபின் ஏதாவது காப்பகத்தில் வயதான நாயாகப் பார்த்துக் கேள். எல்லோரும் குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவதால் கிழங்கள் அங்கேயே தங்கிப்போகின்றன. மணியை மறப்பது போலாகுமே என்று தயங்காதே. அவனிடம் கற்ற ஊசி வித்தை வீணாகாது.

வீட்டில் தங்கையை விசாரித்ததாகச் சொல். மணிக்கு வாங்கி மீந்த சலைன் பாட்டில்களைத் தேதி பார்த்து அந்த மருத்துவரிடமே கொடுத்துவிடு, வேறு ஒரு நாய்க்கு ஆகும். மாதக் கடைசியில் அங்கே வரலாம் என்றிருக்கிறேன், செவலையையும் அழைத்துக்கொண்டு. வந்ததும் அவள் மணியின் படுக்கையைத் தேடிப் போய் மோப்பம் பிடிப்பாள். அது உனக்குத் தாங்காது என்றால் முன்னதாகவே எடுத்து வைத்துவிடு. அல்லது அவள் இந்தமுறை வரவேண்டாம் என்று எழுது, நான் மட்டும் வருகிறேன். எதுவானாலும் இந்தத் தடவை முதல் பக்கத்திலேயே எழுது.

உன் பழைய சிநேகிதன்