பேரரசரைக் கிழித்தவர் வீட்டில் ஒரு பையன் இருந்தான்

அன்புள்ள தம்பிக்கு,

"இந்த ஊரில் எந்தத் தெருவில் திரும்பினாலும் பீத்தோவன் இங்கே குடியிருந்தார் என்று ஒரு பலகை, அப்படி என்னம்மா பெரிய ஆள்?" என்று போனில் கேட்டாய். காலமெல்லாம் பள்ளியில் வரலாறு எடுத்தவளிடம் இதைக் கேட்டால் இரண்டு நிமிஷத்தில் முடியுமா? அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், டீ போட்டு வைத்துக்கொண்டு படி. பலகைக்குக் காரணம் எளிது. லுட்விக் வான் பீத்தோவன் என்ற அந்த இசை மேதைக்கு ஒரு வீட்டில் கால் தரிக்காது. வீட்டுக்காரரோடு ஆகாது, வேலைக்காரர்களோடு ஆகாது, கோடை வந்தால் ஊருக்கு வெளியே ஏதாவது கிராமம். அப்படி மாறி மாறி இருந்ததில் இன்றைக்குப் பாதி வியன்னா அவர் பெயரைச் சொல்லிக்கொள்கிறது.

பெரிய ஆள் என்பதற்கு எல்லோரும் சொல்லும் கதை நெப்போலியன் கதை. உனக்கும் தெரிந்திருக்கும். 1803, 1804இல் பீத்தோவன் மூன்றாவது சிம்பொனியை, அதாவது பெரிய வாத்தியக் குழு வாசிக்கும் நீண்ட இசையை, எழுதுகிறார், அதற்கு நெப்போலியனின் குடும்பப் பெயரான போனபார்ட் என்று பெயர் வைத்திருக்கிறார். அன்றைய ஐரோப்பாவில் பரம்பரை ராஜா இல்லாமல், கோர்சிகா தீவிலிருந்து வந்த ஒருவன் தன் திறமையால் பிரான்ஸின் தலைமைக்கு வந்தது பலருக்கும் பெரிய நம்பிக்கை. பீத்தோவனும் சாதாரண வீட்டுப் பிள்ளைதான். பான் நகரத்து அரண்மனைப் பாடகரின் மகன், அப்பா குடிகாரர், பதினேழு வயது நிறையும் முன்னால் அம்மா போய்விட்டாள். அப்படிப்பட்டவருக்கு நெப்போலியனைப் பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அப்புறம் 1804 மே மாதம் நெப்போலியன் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்ட செய்தி வியன்னாவுக்கு வருகிறது. அதைக் கொண்டுபோய்ச் சொன்னவர் அவருடைய மாணவர் ரீஸ். இவனும் சாதாரண மனுஷன்தானா, இனி மனித உரிமையை எல்லாம் காலில் போட்டு மிதிப்பான், மற்றவர்களைவிடத் தன்னை உயர்ந்தவனாக நினைத்துக் கொடுங்கோலனாவான் என்று கத்திவிட்டு, பீத்தோவன் முதல் பக்கத்தைக் கிழித்துத் தரையில் போட்டதாக ரீஸ் பின்னாளில் எழுதினார்.

வேறொரு பிரதி வியன்னாவிலேயே, இசை நண்பர்கள் சங்கத்தின் காப்பகத்தில் இருக்கிறது. அதில் போனபார்ட் என்ற பெயரைச் சுரண்டிய வேகத்தில் தாளே ஓட்டையாகிவிட்டது. வகுப்பில் அந்தப் படத்தைக் காட்டினால் கடைசி பெஞ்சு பையன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

ஆனால் அதே தாளில் இன்னொன்றும் இருக்கிறது. கீழே, பென்சிலில், போனபார்ட்டைப் பற்றி எழுதியது என்று பீத்தோவனே எழுதியிருக்கிறார். 1804 ஆகஸ்ட் மாதம் பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்திலும் சிம்பொனியின் உண்மையான தலைப்பு போனபார்ட் என்கிறார். கோபம் வந்து கிழித்தவர் மூன்று மாதத்தில் திரும்ப ஏன் அந்தப் பெயரை எடுத்தார்? பாரிஸுக்குக் குடிபோகும் யோசனை அப்போது அவருக்கு இருந்தது, அங்கே இந்தப் பெயர் செல்லும். இங்கே வியன்னாவில் லொப்கோவிட்ஸ் இளவரசர் பணம் கொடுத்து, முதலில் தன் அரண்மனையில் வாசிக்கும் உரிமையை வாங்கியிருந்தார், அவருக்கு அர்ப்பணிக்க வேண்டும். 1806இல் அச்சில் வந்தபோது வீர சிம்பொனி, ஒரு மாமனிதரின் நினைவைக் கொண்டாட எழுதியது என்று மட்டும் போட்டு, லொப்கோவிட்ஸுக்குச் சமர்ப்பணம் என்று முடித்துவிட்டார். எந்த மாமனிதர் என்று சொல்லவில்லை. ஆல்பர்ட்டினா ஓவியக் காட்சியகத்துக்குப் பக்கத்தில் நாடக அருங்காட்சியகம் இருக்கிறதே, அதுதான் அந்த இளவரசரின் அரண்மனை. உள்ளே ஒரு கூடத்துக்கு இந்த சிம்பொனியின் பெயரையே வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகும் வழியில் பத்து நிமிஷம் எட்டிப் பார்.

இதை எல்லாம் சொல்வதால் அவரைச் சின்னவராக்குகிறேன் என்று நினைக்காதே. அந்த சிம்பொனி வந்த பிறகு சிம்பொனி என்பதே வேறாகிவிட்டது. அதுவரை பாதி நேரத்தில் முடிந்த சங்கதி ஐம்பது நிமிஷத்துக்கு நீண்டது, நடுவில் ஒரு சவ ஊர்வலம் வேறு. 1805 ஏப்ரலில் தேயாட்டர் ஆன் டேர் வீன் அரங்கில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் வாசித்தபோது மேலே இருந்து யாரோ, இதை நிறுத்தினால் இன்னொரு காசு தருகிறேன் என்று கத்தினாராம். காது போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்து, 1802 அக்டோபரில் வியன்னாவுக்கு வெளியே ஹைலிகென்ஷ்டாட் கிராமத்தில் உட்கார்ந்து, செத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன், கலைதான் என்னைப் பிடித்து நிறுத்தியது என்று தம்பிகளுக்குக் கடிதம் எழுதி, அனுப்பாமலே பெட்டிக்குள் வைத்திருந்தவர், அடுத்த வருஷமே இதை எழுதுகிறார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்புதான்.

நெப்போலியன் அத்தோடு விட்டாரா? 1805 நவம்பரில் அவருடைய படை வியன்னாவுக்குள் வந்தது. ஒரு வாரம் கழித்து பீத்தோவனின் ஒரே ஓபரா, அதாவது இசை நாடகம், ஃபிடெலியோ அரங்கேறியது. ஊர்ப் பெரிய மனிதர்கள் ஓடிவிட்டார்கள், அரங்கில் பெரும்பாலும் பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள். கொடுங்கோலன் அடைத்து வைத்த கைதியை அவன் மனைவி ஆண் வேஷம் போட்டுப் போய் மீட்கிற கதையை, ஊரைப் பிடித்த படைக்காரர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்று நாளில் எடுத்துவிட்டார்கள். 1809 மே மாதம் மறுபடியும் முற்றுகை, இந்த முறை பீரங்கி. மிச்சமிருக்கும் காதும் போய்விடக் கூடாதே என்று தன் தம்பி வீட்டு நிலவறையில் தலையணையை வைத்துக் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பீத்தோவன். ஊரின் இன்னொரு பக்கத்தில் அவருடைய குரு ஹைடன், எழுபத்தேழு வயது, படுக்கையோடு படுக்கையாக. வீட்டுக்குப் பக்கத்தில் குண்டு விழுந்து எல்லோரும் அலறியபோது, பயப்படாதீர்கள் பிள்ளைகளே, ஹைடன் இருக்கும் இடத்தில் ஒன்றும் ஆகாது என்றாராம். நெப்போலியன் அந்தக் கிழவர் வீட்டு வாசலில் மரியாதைக்குக் காவல் வைத்தார். மே 31ஆம் தேதி ஹைடன் இறந்துபோனார். நினைவுப் பூசையில் இசையமைப்பாளர் மொத்சார்ட்டின் ரெக்வியம் என்ற இரங்கல் பூசை இசை, கேட்க வந்தவர்களில் பிரெஞ்சு அதிகாரிகளும் உண்டு. எதிரி, நண்பன் என்று கோடு போட்டு நான் பரீட்சைக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இந்த இடம் மட்டும் எந்தக் கட்டத்திலும் அடங்காது.

அப்புறம் நெப்போலியன் தோற்றார். பீத்தோவன், பிரெஞ்சுப் படையை வென்ற ஆங்கிலத் தளபதியின் பெயரில், வெலிங்டனின் வெற்றி என்று துப்பாக்கிச் சத்தம் எல்லாம் வைத்து ஒன்று எழுதினார். உண்மையைச் சொன்னால் சுமார்தான். ஆனால் 1813 டிசம்பரில் கூட்டம் அதற்குத்தான் ஆர்ப்பரித்தது, பணமும் நன்றாக வந்தது. மறு வருஷம் வியன்னா மாநாட்டுக்கு ராஜாக்கள் எல்லாம் கூடியபோது அவர்களை வாழ்த்தி ஒரு கான்டாட்டா, வாத்தியங்களோடு பலர் சேர்ந்து பாடும் பாட்டு. பேரரசரின் பெயரைக் கிழித்த கை, பத்து வருஷம் கழித்து இத்தனை மகுடங்களுக்கு வாழ்த்துப் பாட்டு எழுதியது. அதை நான் குற்றமாகச் சொல்லமாட்டேன், வயிறு என்று ஒன்று இருக்கிறது. 1809இல் மூன்று பிரபுக்கள் சேர்ந்து வருஷத்துக்கு 4000 ஃப்ளோரின் தருகிறோம், வியன்னாவை விட்டுப் போகாதீர்கள் என்று எழுதிக்கொடுத்தார்கள். போரும் நாணய மதிப்பு இறங்கியதும் சேர்ந்து அதைக் கரைத்துவிட்டன.

நான் குற்றமாகச் சொல்வது வேறொன்று. அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பீத்தோவனின் தம்பி காஸ்பார் கார்ல் 1815 நவம்பரில் காசநோயில் இறந்தார். ஒன்பது வயதில் ஒரே பையன், பெயர் கார்ல். பையனைத் தாயும் பெரியப்பாவும் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும், பையனுக்காக இரண்டு பேரும் ஒற்றுமையாக இருங்கள் என்று சாகும்போது உயிலில் கெஞ்சியிருக்கிறார். அண்ணனைப் பற்றி அவருக்குத் தெரியாதா? பெரியப்பா அந்த உயிலைக் காற்றில் விட்டார். தாய் யோஹானாவுக்கு நடத்தை சரியில்லை என்று கோர்ட்டுக்குப் போனார். 1811இல் ஒரு முத்துமாலை விவகாரத்தில் அவளுக்குத் தண்டனை கிடைத்தது உண்மைதான், அதையே பிடித்துக்கொண்டார். மொத்சார்ட் ஓபராவில் வரும் பொல்லாத இரவு ராணியின் பெயரை அவளுக்கு வைத்தார். பையனை விடுதிப் பள்ளியில் போட்டு, அவள் வந்து பார்ப்பதையும் தடுத்தார். நான்தான் அவனுடைய உண்மையான தகப்பன் என்று எழுதினார். 1818 டிசம்பரில் பையன் தாயிடம் ஓடிப்போனான். போலீஸை வைத்துத் திரும்பப் பிடித்து வந்தார்கள்.

வழக்கு நடந்தது உயர்குடியினருக்கான நீதிமன்றத்தில். நீங்கள் உயர்குடிதானே, பத்திரம் எங்கே என்று கேட்டபோது பீத்தோவனிடம் காட்ட ஒன்றுமில்லை. பெயரில் உள்ள வான் டச்சுக்காரர்களுக்குச் சாதாரணம், பட்டம் இல்லை. வழக்கைச் சாதாரண ஜனங்களின் நகர நீதிமன்றத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அதற்காக அவர் பட்ட அவமானம் இருக்கிறதே, மனித உரிமை பேசிய மனுஷனுக்கு இது ஏன் இவ்வளவு வலிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். நகர நீதிமன்றம் தாய் பக்கம் சாய்ந்தது. விடுவாரா? மேல்முறையீடு, தெரிந்த பெரிய மனிதர்களுக்கு எல்லாம் கடிதம். 1820இல் ஜெயித்துவிட்டார்.

ஜெயித்துவிட்டு என்ன செய்தார்? பாசம் கொட்டினார், அதில் சந்தேகமில்லை. தன் பழைய மாணவர் செர்னியிடம் பியானோ படிக்க வைத்தார், பல்கலைக்கழகத்தில் சேர்த்தார், கடிதத்துக்குக் கடிதம் என் மகனே, என் மகனே. அதோடு எங்கே போனாய், யாரோடு பேசினாய், சீட்டாடினாயா, அம்மாவைப் பார்த்தாயா என்று ஓயாத விசாரணை. காது கேட்காதவர் என்பதால் வந்தவர்கள் எல்லாம் நோட்டில் எழுதித்தான் பேசுவார்கள், அவர் வாயால் பதில் சொல்வார். அந்த நோட்டுகளில் கார்லின் கையெழுத்து பக்கம் பக்கமாக இருக்கிறது. பெரியப்பா கேட்ட கேள்வி அதில் இல்லை, பையன் சொன்ன பதில் மட்டும் இருக்கிறது. அவனுக்கு ராணுவத்தில் சேர ஆசை. அவர் சம்மதிக்கவில்லை.

1824 மே 7ஆம் தேதி ஒன்பதாவது சிம்பொனி அரங்கேறுகிறது. அதில் பாடுவது ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் கவிதை, எல்லா மனிதரும் சகோதரராவார்கள் என்று. முடிந்தபோது கைதட்டலைக் கேட்க முடியாமல் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவரை, பாடகி கரோலின் உங்கர் தொட்டுத் திருப்பிவிட்டார். அந்த அரங்கு இப்போது இல்லை, நீ போட்டோ அனுப்பினாயே, சாக்லேட் கேக் தின்ற சாகர் ஓட்டல், அந்த இடம்தான். எனக்கு அந்த இசையைக் கேட்டால் கண் கலங்கும். கூடவே யோஹானா நினைவும் வரும், என்ன செய்ய.

1826 ஆகஸ்டில், பத்தொன்பது வயதில், கார்ல் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தான். பிழைத்துக்கொண்டான். முதலில் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது தாய் வீட்டில். ஏன் இப்படிச் செய்தாய் என்றதற்கு, பெரியப்பா என்னை மேலும் நல்லவனாக்கப் பார்த்ததால் நான் மேலும் கெட்டுப்போனேன் என்றான். தம்பி, ஐரோப்பிய வரலாற்றில் எத்தனையோ பேர் எத்தனையோ பேசியிருக்கிறார்கள், பெற்றவள் என்ற முறையில் எனக்கு இந்த ஒரு வரிக்கு மேல் எதுவும் உறைத்ததில்லை.

அதன் பிறகுதான் பீத்தோவன் அவனை ராணுவத்துக்கு அனுப்பச் சம்மதித்தார். இடம் கொடுத்த தளபதி ஷ்டுட்டெர்ஹைமுக்குத் தன் சி ஷார்ப் மைனர் குவார்ட்டெட்டையே, நான்கு வாத்தியங்களுக்கு எழுதிய இசையை, சமர்ப்பணம் செய்தார். இதற்குப் பெரிய மனசு வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். 1827 ஜனவரி 2ஆம் தேதி கார்ல் புறப்பட்டுப் போனான். மறுநாளே வக்கீலுக்கு எழுதி எல்லாச் சொத்தையும் அவன் பெயருக்கு வைத்தார். மார்ச் 26ஆம் தேதி இறந்தபோது அவன் பக்கத்தில் இல்லை. ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கில் ஜனம், இசையமைப்பாளர் ஷூபர்ட் பந்தம் பிடித்துப் போனார்.

கார்ல் என்ன ஆனான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நான் தேடிப் படித்தேன். சில வருஷத்தில் ராணுவத்தை விட்டான், கல்யாணம் செய்தான், நான்கு பெண், ஒரு பையன். பெரிய இசையும் எழுதவில்லை, பெரிய படிப்பும் இல்லை, 1858 வரை சாதாரணமாக வாழ்ந்துவிட்டுப் போனான். பையனுக்குப் பெரியப்பாவின் பெயரையே, லுட்விக் என்று, வைத்திருந்தான். கார்ல் பெரியப்பாவை மன்னித்தானா, பாசம்தானா, சொத்து கொடுத்த மரியாதையா என்று உன் அப்பாவுக்கும் எனக்கும் ஒரு சாயங்காலம் முழுக்க வாக்குவாதம்.

அங்கே அரசு ஓபரா அரங்கான ஸ்டாட்ஸ்ஓப்பரில் நின்று பார்க்கும் டிக்கெட் மலிவாகக் கிடைக்கும், தெரியுமோ இல்லையோ. 1945 மார்ச்சில் குண்டு விழுந்து எரிந்த கட்டடம் அது. அந்நியப் படைகள் போய், 1955 நவம்பரில் திரும்பத் திறந்தபோது அவர்கள் முதலில் போட்டது ஃபிடெலியோதான். அடுத்த முறை அதைப் போட்டால் போ. முதல் அங்கத்தின் கடைசியில் கைதிகளைக் கொஞ்ச நேரம் காற்று வாங்க வெளியே விடுவார்கள், மெதுவாகப் பாட ஆரம்பிப்பார்கள், அதுவரைக்குமாவது போனை எடுக்காமல் நில். மூன்று மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும், அந்தப் புது ஷூவைப் போட்டுக்கொண்டு போகாதே. பணம் போட்டிருக்கிறேன், வந்ததா என்று மட்டும் ஒரு வரி எழுது.

அம்மா