குறுந்தொடர் எடுப்பவர்களுக்கு மதுரையிலிருந்து ஒரு திறந்த மடல்

குறுந்தொடர்த் தயாரிப்பாளர்களுக்கும் கதாசிரியர்களுக்கும் வணக்கம்.

கைபேசியை நிமிர்த்திப் பிடித்தபடியே பார்க்கும் உங்கள் தொடர்களை விரும்பிப் பார்ப்பவள் நான். ஒன்றரை நிமிடத்துக்குள் கன்னத்தில் ஓர் அறை, ஒரு கண்ணீர், ஒரு ரகசியம். அடுத்ததைத் திறக்கக் காசு. சீனாவில் பெருகி இங்கே வந்த இந்த வடிவத்தின் வேகத்தை நான் குறை சொல்லவில்லை. அழுகையும் கூச்சலும் அதிகம் என்று முகம் சுளிக்கவும் மாட்டேன். திருவிழா நாடகத்தில் விடிய விடிய அழுதவர்களின் பேத்தி நான்.

என் வழக்கு காதலைப் பற்றியது. உங்கள் கதையில் பெண் வீட்டார் பையனை ஏழை என்று விரட்டுகிறார்கள். அறுபதாவது பகுதியில் அவன் கோடீஸ்வரனின் வாரிசு என்று தெரிகிறது. உடனே எல்லாரும் காலில் விழுகிறார்கள். எங்கள் பக்கத்தில் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே, "எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்டுவிடுவார்கள். அந்தப் பதிலை எந்தக் கோடியும் மாற்றாது. உங்கள் நூறு பகுதிகளில் சாதி என்ற சொல் ஒருமுறைகூட வருவதில்லையே, ஏன்?

மறைந்திருந்த வாரிசு என்ற திருப்பமும் எங்களுக்குப் பழையதுதான். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே மதுரைவீரன் சன்னதி இருக்கிறது. அருந்ததியர் வீட்டில் வளர்ந்து, பாளையக்காரர் மகள் பொம்மியைக் காதலித்து அழைத்துப் போனவன் என்கிறது கதை. அவனைப் பிறப்பால் காசி ராஜாவின் மகன் என்று சொல்லும் கதைப்பாடலும் உண்டு. காதலுக்கு மன்னிப்பு வாங்கித் தர அன்றைக்கே ஒரு ராஜ வம்சம் தேவைப்பட்டிருக்கிறது! அப்படியும் ஒரு பக்கக் கையையும் எதிர்ப் பக்கக் காலையும் வெட்டும் மாறுகால் மாறுகைத் தண்டனையிலிருந்து அவன் தப்பவில்லை.

அதிகாரப் போட்டி வேண்டுமா? கண்ணாடிக் கட்டடத்து நாற்காலியை விட்டு இறங்கி வாருங்கள். கோயில் பரிவட்டம் யார் தலைக்கு என்பதில் பங்காளிகள் ஆண்டுக்கணக்கில் பேசாமல் இருக்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியது. அந்தப் பங்கு வேறு சாதிக்குப் போய்விடும் என்ற பயம்தான் பல வீடுகளில் மானம் என்ற பெயரில் கத்துகிறது. தன் பங்கு வேண்டாம் என்று எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தில் தங்கையைக் கையெழுத்துப் போட வைக்கும் அண்ணன்களைவிடப் பெரிய வில்லன்களை நீங்கள் எங்கே தேடுகிறீர்கள்?

வயது வந்த இருவர் மணந்துகொள்ள வீட்டாரின் சம்மதமோ ஊரின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. ஆனாலும் காவல் நிலையத்தில், "அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போம்மா" என்கிறார்கள். அம்மாவுக்குப் பின்னால் மாமன்கள் நிற்கிறார்கள். ஒரு பகுதியை முடிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

மதம் மாறாமல் மணக்க நினைக்கும் இந்துப் பெண்ணும் கிறிஸ்தவப் பையனும் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தை நாடலாம். மனுக் கொடுத்தால் அவர்கள் பெயர் 30 நாள் பதிவு அலுவலக அறிவிப்பில் கிடக்கும். யார் கண்ணிலும் படலாம். பத்திரம் பதிய வந்த பெரியப்பா கண்ணிலும்.

நாளுக்கு ஒரு பகுதி என்று எழுதுங்கள். 30 பகுதிக்கும் நான் காசு கட்டுகிறேன்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு பார்வையாளர்