நேயர் சங்க ஆண்டறிக்கை: எட்டு மணியா, எட்டரையா?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன ஆண்டறிக்கை மூன்று பக்கம் போய்விட்டது, யாரும் படிக்கவில்லை என்று பொருளாளர் அண்ணன் நேரிலேயே சொல்லிவிட்டார். அதனால் கூட்டம், சந்தா, தேநீர்ச் செலவெல்லாம் கடைசியில் இரண்டு வரியோடு சரி. இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தது ஒன்றுதான், அந்தக் காலத்தில் இராத்திரி தூரத்து வானொலி கேட்ட கதைகளை உறுப்பினர்களிடம் எழுதி வாங்கியது.

வாங்கியதும் சண்டை ஆரம்பித்தது. கொழும்பில் இலங்கை வானொலியில் மாலை ஆறு மணிக்கு வந்த பாட்டு நிகழ்ச்சி இங்கே சிங்கப்பூரில் எட்டு மணிக்குக் கேட்கும் என்று செம்பவாங்கில் வளர்ந்த அக்கா ஒருவர் எழுதியிருந்தார். இல்லவே இல்லை, எட்டரை, நான் கடை சாத்திவிட்டு வந்து கேட்பேன் என்றார் தேக்காவில் வேலை பார்த்த ஐயா. இரண்டு கூட்டம் இதிலேயே போயிற்று. அப்புறம்தான் அக்கா கேட்டது எழுபதுகளில், ஐயா கேட்டது எண்பதுகளின் நடுவில் என்று பிடிபட்டது. 1982 பிறந்த அன்று சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள், ஞாபகம் இருக்கிறதா? அதுவரை இலங்கைக்கும் நமக்கும் இரண்டு மணி நேர வித்தியாசம், அதற்குப் பிறகு இரண்டரை. இரண்டு பேர் சொன்னதும் சரி. ஐயா இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு கதை.

இன்னொன்றையும் செயலாளர் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். வந்த கதைகளில் பாதிக்கு மேல் “ஏ.எம்.”, அதாவது மத்திய அலை (மீடியம் வேவ்), என்று எழுதியிருந்தாலும், பட்டப்பகலில் சிலோன் வானொலி கேட்டேன் என்பவர்கள் கேட்டது சிற்றலைதான் (ஷார்ட் வேவ்). கொழும்பு இங்கிருந்து சுமார் 2,700 கிலோமீட்டர். பகலில் வானத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்து அந்த அடுக்கு கரைந்த பிறகுதான் அலை மேலே போய் முட்டித் திரும்பி வரும். இங்கே ஏழு மணிக்கு இருட்டினால் மட்டும் போதாது, அந்தப் பக்கமும் இருட்ட வேண்டும், அது நம் கடிகாரத்தில் எட்டரை, ஒன்பது ஆகிவிடும். மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்ற இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் குரல்களுக்காக எந்த அலையில் காத்திருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள், ஆனால் பதிவு என்று வந்தால் சரியாக இருக்கட்டும்.

எனக்குப் பிடித்தது ஓர் அம்மாவின் சாக்கட்டிக் கோடு. அவர்கள் வீட்டு நேஷனல் டிரான்சிஸ்டர் அலமாரி மேல் இருக்கும், தோல் உறையின் பொத்தான் பிய்ந்து ரப்பர் பேண்டால் கட்டியது. அலமாரிப் பலகையில் அவர் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தாராம், பகலுக்கு ஒன்று, இராத்திரிக்கு ஒன்று. இராத்திரிக் கோட்டுக்கு நேராகப் பெட்டியைத் திருப்பினால் பக்கத்து இந்தோனேசிய நிலையம் அமுங்கி, பின்னாலிருந்து தமிழ் மெல்ல எழும்பி வரும். பெட்டிக்குள் ஒரு கறுப்புத் தண்டு இருக்கிறது, கம்பி சுற்றிய ஃபெரைட், மத்திய அலைக்கு அதுதான் ஆன்டெனா. அதன் முனை எந்த நிலையத்தைப் பார்க்கிறதோ அந்த நிலையம் செத்துவிடும். அந்த அம்மாவுக்கு ஃபெரைட்டும் தெரியாது ஒன்றும் தெரியாது, கோடு மட்டும் சரியான இடத்தில் இருந்தது.

கதை போதும், கேட்டே பார்ப்போம் என்று ஒரு சனிக்கிழமை புளோக்கின் கீழ்த்தளத்தில் கூடினோம். படுதோல்வி. மின்தூக்கி நகரும்போதெல்லாம் கர்ர்ர், எல்.இ.டி. விளக்கு தனியாக ஒரு ரீங்காரம், போதாக்குறைக்கு யாரோ கைப்பேசியைச் சார்ஜில் போட்டிருந்தார். அடுத்த மாதம் பாசிர் ரிஸ் கடற்கரைக்குப் போனோம். மழை மேகம் வேறு, தூரத்தில் மின்னும்போதெல்லாம் பெட்டி படபடத்தது. தாய்லாந்து மொழி வந்தது, மலாய் வந்தது. ஒன்பதரைக்கு மேல் மத்திய அலையில் 1053 கிலோஹெர்ட்ஸில் நாதஸ்வரம் போல ஏதோ ஒன்று, பிறகு தமிழில் ஓர் ஆண் குரல், அரை நிமிடம் இருந்திருக்கும், அலை அடித்துக்கொண்டு போய்விட்டது. தூத்துக்குடி என்று நான்கு பேர் சத்தியம் செய்தார்கள். 1053 தூத்துக்குடியின் அலைவரிசைதான், இருந்தாலும் நிலையப் பெயர் காதில் விழவில்லை, அதனால் நான் எழுத மாட்டேன். கேட்டதை எழுதி நிலையத்துக்கு அனுப்பி, அவர்களிடமிருந்து உறுதி அட்டை வாங்கலாம் என்ற யோசனையும் அதோடு நின்றது.

சிங்கப்பூரின் கிராஞ்சியில் இருந்த, பி.பி.சி. நிகழ்ச்சிகளை மறு ஒலிபரப்புச் செய்த நிலையத்தை வெளியிலிருந்தாவது பார்க்க வேண்டும் என்று பல வருடமாகப் பேசிக்கொண்டே இருந்தோம். நாம் தூரத்து ஊரைத் தேடிய இராத்திரிகளில், வேறு யாரோ எங்கேயோ உட்கார்ந்து நம் கிராஞ்சியைத் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். 2023இல் அதையும் மூடிவிட்டார்கள். இதில் சோம்பல் முழுக்க என்னுடையது.

வரவு செலவு: கையிருப்பு இருக்கிறது, கணக்குப் புத்தகம் பொருளாளர் அண்ணனிடம். சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு யாரென்று தெரியும்.

அடுத்த கேட்பு இரவும் பாசிர் ரிஸில்தான், ஒன்பது மணிக்கு. பெரிய பேட்டரி நான்கு, கொசு மருந்து, நாற்காலி கொண்டு வாருங்கள். சார்ஜரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்