விலை எழுதாத பெட்டிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சுங்கை சிப்புட்டில் என் அப்பா தொடங்கிய மளிகைக் கடையை இன்று நான் நடத்துகிறேன். அமலாக்க அதிகாரிகள் கடைக்குள் வந்தால் முதலில் பார்ப்பது விலைச் சீட்டைத்தான். ஒரு சவர்க்காரக் கட்டிக்கு விலை ஒட்ட மறந்தாலும் பதில் சொல்ல வேண்டும். அதில் எனக்கு மனக்குறை இல்லை. வாங்குகிறவருக்கு விலை தெரிய வேண்டும். ஆனால் அதே கல்லாவில் கைப்பேசி விளையாட்டுகளுக்கான டாப்-அப்பும் விற்கிறேன். பிள்ளைகள் 5 வெள்ளி, 10 வெள்ளி (ரிங்கிட்) என்று நீட்டுகிறார்கள். அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்பது அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதைக் கேட்க எந்த அதிகாரியும் வருவதில்லை.

பக்கத்துத் தோட்டத்திலிருந்து வரும் இரண்டாம் படிவ மாணவன் ஒருவன் எனக்குப் பொறுமையாக விளக்கினான். வெள்ளியைக் கொடுத்தால் விளையாட்டுக்குள் மட்டும் செல்லும் வைரம். வைரத்தைக் கொடுத்தால் சீட்டு. சீட்டைக் கொடுத்தால், உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டியே தெரியாத ஒரு பெட்டி திறக்கும். அவன் ஆசைப்பட்டது ஒரு வீரனுக்கான உடை. பெட்டியில் வந்ததோ ஏற்கெனவே அவனிடம் இருந்த ஏதோ ஒன்றின் துண்டு. ஒரு கட்டாக விற்கும் வைரத்தின் எண்ணிக்கையும் பெட்டிக்குக் கேட்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போவதே இல்லை. கொஞ்சம் மிஞ்சும், இல்லையென்றால் கொஞ்சம் குறையும். குறைந்ததை நிரப்பத்தான் மறுபடி என் கடைக்கு வருகிறான். "அந்த உடையை நேராகவே விலை போட்டு விற்றால் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்டேன். மனக்கணக்கில் கெட்டிக்காரன்; விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். "அவ்வளவு கொடுத்து யார் ஆன்ட்டி வாங்குவார்கள்?" என்றான்.

இந்த வியாபாரமே அந்தப் பதிலுக்குள் இருக்கிறது.

"உன் அப்பாவும் திக்காம் அட்டை தொங்கவிட்டவர்தானே" என்று என் கணவர் சீண்டுகிறார். காசு கொடுத்துச் சீட்டைக் கிழித்தால் அதில் உள்ள பரிசு கிடைக்கும் அட்டை அது. ஆமாம், தொங்கவிட்டார். அது புண்ணியக் காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த அட்டையில் எத்தனை சீட்டு மிச்சம் என்று எண்ணிவிடலாம். பரிசுகள் கண்ணெதிரே தொங்கும். சீட்டு தீர்ந்தால் அட்டை குப்பைக்குப் போகும். யார் வீட்டுப் பிள்ளை, யார் கொடுத்த காசு என்பதெல்லாம் அப்பாவுக்குத் தெரியும். ஒரு பையன் விடாமல் கிழித்துக்கொண்டிருந்தால் "போதும், வீட்டுக்குப் போ" என்று விரட்டுவார். எந்த அட்டையும் ராத்திரியில் பையனை எழுப்பி, சலுகை முடிய இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்று சொன்னதில்லை.

விளையாட்டில் இப்படிப் பெட்டி விற்பது சூதாட்டமா என்ற வழக்கு உலகமெங்கும் நடக்கிறது. ஆம் என்று பெல்ஜியம் 2018இல் சொல்லிவிட்டது. நெதர்லாந்தில் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் போட்ட 10 மில்லியன் யூரோ அபராதத்தை 2022இல் நீதிமன்றம் ரத்து செய்தது. அதை வழக்கறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் பிடித்தது அமெரிக்காவில் 2025 ஜனவரியில் நடந்தது. 'கென்ஷின் இம்பாக்ட்' விளையாட்டை விற்பவர்கள் 20 மில்லியன் டாலர் கட்டச் சம்மதித்தார்கள். பெற்றோர் அனுமதி இல்லாமல் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெட்டி விற்கக் கூடாது, வைரம், கல் என்று சுற்றிவளைக்காமல் நிஜப் பணத்திலேயே வாங்கவும் வழி இருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். அந்த விளையாட்டில் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் விழ அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, 90 முறை இழுத்தால், அதாவது பெட்டி திறந்தால், ஒன்று உறுதி. இதை அவர்களே வெளியிட்டிருக்கிறார்கள், நல்லது. ஆனால் 0.6 விழுக்காடு என்பது பதினான்கு வயதுப் பிள்ளைக்கு வெறும் எண். 90 முறைக்கு இத்தனை வெள்ளி என்று எழுதிக் காட்டினால் அவன் அம்மாவுக்கும் புரியும்.

பெற்றோர்தான் கவனிக்க வேண்டும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று. அந்தப் பையனின் அம்மா விடியும் முன்பே செம்பனைக் காட்டுக்கு உதிரிப்பழம் பொறுக்கப் போகிறவர். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையின்போது பள்ளிகள் மூடப்பட்டு, இணையத்தில்தான் பாடம் என்றபோது கடன் வாங்கி அந்தக் கைப்பேசியை வாங்கினார். அதில் எதை எங்கே அமுக்கினால் பணம் போகும் என்று அவர் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டுமாம். விற்பவன் மட்டும் ஒன்றும் சொல்லத் தேவையில்லையாம்.

18 வயது ஆகாதவருக்கு சிகரெட் விற்றால் என்மீது சட்டம் பாயும். ஆகவே உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு இதிலும் தலையிட வேண்டும். ஒவ்வொரு பெட்டியின்மீதும் ரிங்கிட்டில் விலை இருக்கட்டும். அரிய பொருள் உறுதியாகக் கிடைக்க அதிகபட்சம் எவ்வளவு செலவாகும் என்பதும் பக்கத்திலேயே இருக்கட்டும். பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளைகளுக்கு விற்கத் தடை வரட்டும். பள்ளிச் சீருடையில் வருகிறவர்களுக்கு நான் இப்போது டாப்-அப் கொடுப்பதில்லை. அவர்கள் சாலையைத் தாண்டி அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறார்கள். என் ஒரு கடையால் ஆகிற வேலை இல்லை என்பதால்தான் உங்கள் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரப் பெண்மணி,
சுங்கை சிப்புட், பேராக்