ஊராட்சித் தொழிலுக்குத் தனிக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் வங்கிக் கடனும் சொந்த நிதியும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. அதைப் பார்த்து ஊராட்சிக்கென்று ஒரு தொழில் வேண்டும் என்ற ஆசை பல ஊர்களில் இருக்கிறது. ஆனால் ஊராட்சிச் செயலர்களுக்குக் கைவந்த கணக்கு ரொக்கப் புத்தகமும், வீட்டு வரியின் கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவையும்தான். தொழில் நடத்த அது போதாது.

ஆர்.ஓ. குடிநீர் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். மணிக்கு 1,000 லிட்டர் சுத்திகரிக்கும் இயந்திரம், நாளைக்கு 100 கேன், கேன் 7 ரூபாய் என்றால் மாத வரவு 21,000. கரண்ட் பில், ஆள் சம்பளம் 15,000 போக, ரொக்கப் புத்தகம் 6,000 மிச்சம் காட்டும். அந்தப் பணம் தெருவிளக்குக்கோ மோட்டார் ரிப்பேருக்கோ போய்விடும். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. உப்பைப் பிரிக்கும் சவ்வான மெம்பரேன் நான்கை மாற்ற 50,000 ஆகும், இரண்டு வருடம் உழைக்கும் என்று வைத்தால், மாதம் 2,083 எடுத்துவைக்க வேண்டும். ஃபில்டருக்கும் ரசாயனத்துக்கும் 1,500, பம்ப் பழுதுக்கு 1,000. கடைசியில் நிற்பது 1,417 ரூபாய்தான்! எடுத்துவைக்காத ஊரில் மெம்பரேன் போன அன்றே நிலையத்துக்குப் பூட்டு விழும். எனவே தனி வங்கிக் கணக்கும் தேய்மான ஒதுக்கீடும் செயலர்களுக்குத் தரும் பயிற்சியின் முதல் பாடமாக வேண்டும்.

அடுத்தது தினசரிப் பதிவு. மின்மீட்டர் ரீடிங், கேன் எண்ணிக்கை, வசூல், உள்ளே வரும் நீரின் டி.டி.எஸ். (கரைந்துள்ள உப்பின் அளவு), வெளியே வரும் நீரின் டி.டி.எஸ். என ஐந்தே எண்கள், ஒரு நோட்டில். உள்ளே வரும் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். மாறாமல், சுத்திகரித்த நீரின் டி.டி.எஸ். மட்டும் 60, 90, 140 என்று ஏறினால் மெம்பரேன் கெடுகிறது என்று பொருள். பூட்டு விழுவதற்கு மாதக்கணக்கில் முன்பே இது தெரிந்துவிடும். கேனுக்கு ஆகும் மின் யூனிட் கூடினால் ஃபில்டர் அடைப்பையும் பம்பையும் பார்க்க வேண்டும். கேன் கணக்கும் காசும் ஒத்துப்போகாவிட்டால், அன்று மாலையே கேட்டுவிடலாம். மாதக் கடைசியில் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மறைமலைநகர் மாநில ஊரக வளர்ச்சி நிறுவனம் இந்தப் பயிற்சிக்கென்று இரண்டு நாள் ஒதுக்க வேண்டும் என்பது எங்கள் வேண்டுகோள். செயலர்கள் தங்கள் ஊர்ப் பதிவேட்டையே கையோடு கொண்டுவந்து, அந்த எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பழகட்டும். மாதிரி எண்களில் போட்ட கணக்கு ஊர் திரும்பியதும் மறந்துபோகும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 கிராம சபையில் அந்த ஐந்து எண்களையும் வாசிக்கச் சொல்லலாம்.

செயலர் மாறும்போது நோட்டை ஒப்படைக்கிறார்கள், ஊராட்சிக் கணக்கு இணையதளத்தில் நுழையத் தேவையான ஓ.டி.பி. மட்டும் பழையவர் செல்பேசிக்கே போய்க்கொண்டிருக்கிறது. ஊராட்சிப் பெயரில் ஒரு சிம் கார்டு வாங்கி, அதையும் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஊராட்சிக் கணக்குப் பயிற்றுநர்கள்,
திண்டுக்கல் மாவட்டம்.